ஒன்பது மாதம் முடிந்தது முதல் ஆண்டு நிறைவு வரை: குழந்தை வளர்ப்புக்கு ஒரு முழுமையான வழிகாட்டி

மூத்தவளுக்கு ஒரு வயது நிறைய இருபது நாள்தான் இருந்தது. மண்டபத்துக்கு முன்பணம் கொடுத்தாயிற்று. மாமன் சீருக்கு வெள்ளிக் கொலுசும் வந்துவிட்டது. "பிள்ளை நல்லா கலரா வருது பாத்தியா" என்று வீட்டில் எல்லோருக்கும் ஒரே மகிழ்ச்சி. சளிக்காகக் காட்டப் போன இடத்தில் மருத்துவர் அவளுடைய கீழ் இமையை இழுத்துப் பார்த்துவிட்டு ரத்தப் பரிசோதனைக்கு எழுதிக் கொடுத்தார். ஹீமோகுளோபின் 7.4. குறைந்தது 10.5, 11 இருக்க வேண்டிய வயது அது. நிறம் என்று நாங்கள் பூரித்துப்போனது ரத்தமில்லாத வெளுப்பு.

காரணம் எங்கள் அடுப்படியில்தான் இருந்தது. எட்டாம் மாதத்திலிருந்து புட்டியில் பசும்பால், நாளைக்கு முக்கால் லிட்டருக்கும் மேல். வயிறு பாலால் நிறைந்ததால் சோறு இறங்கவில்லை. சோறு இறங்கவில்லையே என்ற கவலையில் இன்னும் கொஞ்சம் பால். குண்டாகத்தான் இருந்தாள், அதனால் யாருக்கும் சந்தேகம் வரவில்லை.

இளையவனுக்கு ஒன்பது மாதம் முடிந்த அன்று ஒரு நோட்டுப் போட்டேன். இந்த மூன்று மாதத்தில் என்னென்ன பார்க்க வேண்டும் என்று மருத்துவரிடமும் செவிலியரிடமும் கேட்டுக் கேட்டு எழுதியது. பால் குடிக்கிற பிள்ளை நம்மோடு உட்கார்ந்து சாப்பிடுகிற பிள்ளையாக மாறுவது இந்த மூன்று மாதத்தில்தான். நம் கவனமோ பிறந்தநாள் ஏற்பாட்டில் போய்விடுகிறது. அந்த நோட்டைத்தான் இங்கே படிப்படியாக எழுதுகிறேன்.

படி 1: தடுப்பூசி அட்டையை எடுங்கள்

ஒன்பது மாதம் முடிந்த உடனே செய்ய வேண்டிய முதல் வேலை இது. தாய் சேய் நல அட்டையில் இந்த மாதத்துக்கென்று தட்டம்மை ரூபெல்லா ஊசியின் முதல் தவணை, நிமோனியாவைத் தடுக்கும் நியுமோகாக்கல் ஊசியின் ஊக்கத் தவணை, 2023 முதல் சேர்க்கப்பட்ட மூன்றாவது போலியோ ஊசி, 1 லட்சம் யூனிட் வைட்டமின் ஏ திரவம் ஆகியவை இருக்கும். சில மாவட்டங்களில் ஜப்பானிய மூளைக்காய்ச்சல் தடுப்பூசியும் உண்டு. எல்லாமே ஆரம்ப சுகாதார நிலையத்தில் இலவசம். தனியாரிடம் போடுகிறவர்கள் அதே வயதில் எம்.எம்.ஆர். (தட்டம்மை, ரூபெல்லாவோடு பொன்னுக்கு வீங்கிக்கும் சேர்த்த ஊசி) போடுவார்கள். லேசான சளிக்காக ஊசியைத் தள்ளிப்போட வேண்டியதில்லை. 'ஆண்டு நிறைவு முடியட்டும், காய்ச்சல் வந்தால் விசேஷம் கெட்டுப்போகும்' என்று ஒத்திப்போடும் வீடுகள் உண்டு. தட்டம்மைக்கு நம் விசேஷத் தேதி தெரியாது.

அன்றே எடையையும் பார்த்துவிடுங்கள். உலக சுகாதார நிறுவனத்தின் அட்டவணைப்படி ஆண் குழந்தையின் நடு எடை 9 மாதத்தில் 8.9 கிலோ, 12 மாதத்தில் 9.6 கிலோ. பெண் குழந்தைக்கு 8.2, 8.9. மூன்று மாதத்துக்கு வெறும் 700 கிராம். பிறந்த புதிதில் மாதம் ஒரு கிலோ ஏறிய பிள்ளை இப்போது இப்படித்தான் நிதானமாக ஏறும். 'பிள்ளை இளைச்சுப்போச்சே' என்று யார் வந்து சொன்னாலும் அட்டையில் உள்ள கோட்டைப் பாருங்கள். கோடு தன் பாதையில் மேலே போய்க்கொண்டிருந்தால் கவலையில்லை. படுத்துவிட்டாலோ கீழே இறங்கினாலோ மருத்துவரைப் பார்க்க வேண்டும்.

இரும்புச்சத்து சிரப்பையும் கேட்டு வாங்குங்கள். ஆறு மாதம் முதல் ஐந்து வயது வரை வாரத்துக்கு இரண்டு முறை, முறைக்கு 1 மி.லி. என்பது அரசுத் திட்டம். என் மூத்தவளுக்கு அப்படி ஒன்று இருப்பதே எங்களுக்குத் தெரியாது.

படி 2: தரையில் தவழ்ந்து வீட்டைச் சுற்றுங்கள்

பெரியவர்கள் ஒருவர் நிஜமாகவே மண்டியிட்டு ஒவ்வொரு அறையாகத் தவழ்ந்து பார்க்க வேண்டும். நின்றுகொண்டு பார்த்தால் தெரியாதவை அப்போதுதான் கண்ணில் படும். சோபாவுக்கு அடியில் உருண்டுபோன மாத்திரை, கட்டிலுக்குக் கீழே அந்துருண்டை, பூஜை அலமாரியின் கீழ்த்தட்டில் கற்பூரம். கற்பூரத்தை நாம் பயந்து பார்ப்பதில்லை. ஒரு சிறு கட்டியை விழுங்கினாலே குழந்தைக்கு வலிப்பு வரலாம். சளிக்கென்று கற்பூரம் கலந்த எண்ணெயைத் தேய்ப்பதும் வேண்டாம்.

நான் முதலில் சொல்வது வாளியைத்தான். இந்த வயதில் குழந்தை எதையாவது பிடித்து எழுந்து எட்டிப் பார்க்கும். தலை கனம் அதிகம் என்பதால் குப்புற விழுந்தால் தன்னால் எழ முடியாது. ஒரு சாண் தண்ணீர் கூட வேண்டாம், இரண்டு அங்குலமே உயிரை எடுத்துவிடும், அதுவும் சத்தமே இல்லாமல். தண்ணீர் பிடித்து வைப்பது நம் ஊர்ப் பழக்கம், அதை விட முடியாது. குளியலறைக் கதவுக்கு வெளிப்பக்கம் உயரத்தில் ஒரு தாழ்ப்பாள் போட முடியும். தொட்டிக்கும் அண்டாவுக்கும் மூடி போட முடியும். வாளியில் ஹீட்டர் ராடு போட்டு வெந்நீர் காய்ச்சுவதை இன்றோடு நிறுத்திவிடுங்கள்.

அடுத்தது சூடு. தரையில் உட்கார்ந்து சாப்பிடும் வீடுகளில் ரசச் சட்டியும் சாம்பார்ப் பாத்திரமும் குழந்தையின் கைக்கெட்டும் உயரத்தில்தான் இருக்கும். எல்லோரும் சாப்பிடும் நேரத்தில் குழந்தை யார் மடியில் இருக்கிறது என்பது முதலிலேயே முடிவாகிவிட வேண்டும்.

பினாயில், ஆசிட், மண்ணெண்ணெய் எதையும் குடிதண்ணீர் பாட்டிலில் ஊற்றி வைக்கவே கூடாது. தப்பித் தவறிக் குடித்துவிட்டால் வாந்தி எடுக்க வைக்காதீர்கள்; அந்த பாட்டிலையும் கையில் எடுத்துக்கொண்டு நேராக மருத்துவமனைக்குப் போங்கள். ரிமோட்டிலும் பாட்டுப் பொம்மையிலும் இருக்கும் பொத்தான் பேட்டரி இன்னொரு ஆபத்து. உணவுக்குழாயில் சிக்கினால் இரண்டு மணி நேரத்துக்குள் சதையை அரித்துவிடும். விழுங்கியிருக்குமோ என்ற சந்தேகம் வந்தாலே எக்ஸ்ரே எடுக்க ஓட வேண்டும், மலத்தில் வருகிறதா என்று காத்திருக்கக் கூடாது. காதுத் தோட்டின் திருகாணி, கொலுசு மணி இரண்டையும் வாரம் ஒரு முறை இழுத்துப் பாருங்கள்.

தொண்டையில் அடைத்துக்கொண்டால் என்ன செய்வது என்பதை வீட்டில் உள்ள எல்லோரும், தாத்தா பாட்டி உட்பட, தெரிந்து வைத்திருக்க வேண்டும். குழந்தை சத்தமாக இருமுகிறது, அழுகிறது என்றால் இரும விடுங்கள். சத்தம் வராமல் முகம் நீலம் பாரித்தால், முன்கையின் மேல் குப்புறக் கிடத்தி, தலை மார்பைவிடத் தாழ்வாக இருக்கும்படி தாடையைத் தாங்கிக்கொண்டு, தோள்பட்டைகளுக்கு நடுவே உள்ளங்கையின் அடிப்பாகத்தால் ஐந்து தட்டு. வரவில்லையென்றால் மல்லாக்கத் திருப்பி நெஞ்சின் நடுவில் ஐந்து அழுத்து. பொருள் வெளியே வரும்வரை மாற்றி மாற்றி இதைச் செய்ய வேண்டும். இன்னொருவர் 108-ஐ அழைக்கட்டும். கண்ணுக்குத் தெரியாத பொருளை விரல் விட்டுத் துழாவினால் அது இன்னும் உள்ளே போகும்.

படி 3: மிக்ஸியை நிறுத்துங்கள்

இட்லியையும் பாலையும் மிக்ஸியில் அடித்து வாயில் ஊற்றினால் இரண்டு நிமிடத்தில் வேலை முடிந்துவிடும். ஆனால் குழந்தை மென்று பழகாது. பத்து மாதத்துக்குள் கொஞ்சம் கொரகொரப்பான உணவு வாய்க்குப் பழகாவிட்டால் பிறகு சின்னப் பருக்கைக்கே ஓங்கரிக்கும். ஒன்பதாம் மாதத்தில் கரண்டியால் மசித்தது, பத்தில் கையால் பிசைந்தது, பதினொன்றில் சிறு துண்டுகள், பன்னிரண்டில் காரம் குறைந்த வீட்டுச் சாப்பாடு என்று போகலாம். கரண்டியைச் சாய்த்தால் ஒழுகாத கெட்டிதான் சரியான பதம். தண்ணியாகக் கரைத்த கஞ்சியில் வயிறு நிறையும், சத்து ஏறாது.

நாளைக்கு மூன்று அல்லது நான்கு வேளை சாப்பாடு, இடையில் ஒன்று இரண்டு முறை சிறுதீனி, கூடவே தாய்ப்பால். ஒரு வேளைக்கு 250 மி.லி. கிண்ணத்தில் பாதி என்பது இந்த வயதுக்குக் கணக்கு. ஆண்டு நிறையும்போது முக்கால் கிண்ணம். இது சராசரிதான், உங்கள் பிள்ளை ஒரு நாள் கிண்ணத்தைக் காலி செய்யும், மறுநாள் நாலு வாயோடு முகத்தைத் திருப்பிக்கொள்ளும்.

என்ன கொடுக்கலாம் என்றால் நம் சமையலறையில் இல்லாதது எதுவும் தேவையில்லை. பருப்பும் நெய்யும் சேர்த்துக் குழைத்த சோறு, ராகிக் கூழ், இட்லி, பாசிப்பயறு, சர்க்கரைவள்ளி, மசித்த கீரை, தயிர், மலைப்பழம், கன்னியாகுமரிப் பக்கத்து ஏத்தங்காய்ப் பொடிக் கஞ்சி. அங்கன்வாடியில் தரும் சத்துமாவை மாட்டுக்குப் போடாதீர்கள், அது நல்ல உணவு. அதில் வெல்லம் இருப்பதால் மேலே சர்க்கரை சேர்க்க வேண்டாம்.

இரும்புச்சத்தைப் பற்றிக் கொஞ்சம் நின்று சொல்ல வேண்டும். பிறக்கும்போது தாயிடமிருந்து கொண்டுவந்த கையிருப்பு ஆறு மாதத்தில் தீர்ந்துபோகும். தாய்ப்பாலில் இரும்பு மிகக் குறைவு. ஆகவே தட்டில் இருந்துதான் வர வேண்டும். அசைவம் சாப்பிடும் வீடென்றால் முழு முட்டை, முள் நீக்கிய மீன், கோழி ஈரல், நன்றாக வேகவைத்துக் கொத்திய கறி. வெள்ளைக்கரு ஒரு வயதுக்குப் பிறகுதான் என்பது பழைய கணக்கு. நன்றாக வெந்த முழு முட்டையை இப்போதே கொடுக்கலாம். சைவ வீட்டில் பயறு, கீரையோடு நாலு சொட்டு எலுமிச்சையோ, நெல்லிக்காய்ச் சாறோ, மசித்த தக்காளியோ சேருங்கள், அப்போதுதான் அந்த இரும்பு உடம்பில் ஒட்டும். இதற்கு நேர் எதிரான வேலையைச் செய்வது டீ. டீயில் பிஸ்கட்டை நனைத்து ஊட்டும் பழக்கம் எத்தனையோ வீடுகளில் இருக்கிறது, எங்கள் வீட்டிலும் இருந்தது. அதைச் செய்தவர் பாசத்தில்தான் செய்தார். டீ இரும்பைப் பிடித்து வைத்துக்கொள்ளும் என்று அவருக்கு யாரும் சொன்னதில்லை, அவ்வளவுதான்.

ஒரு வயது வரை உப்பும் சர்க்கரையும் சேர்க்காதீர்கள். குழம்பைத் தாளித்து உப்புப் போடுவதற்கு முன்பே குழந்தைக்குத் தனியாக எடுத்துவிட்டால் இரட்டைச் சமையல் வேண்டியதில்லை. தேனை நாக்கில் தடவுவது கண்டிப்பாக வேண்டாம். தேனில் இருக்கக்கூடிய ஒரு வகைக் கிருமியின் வித்துகள் ஒரு வயதுக்குட்பட்ட குழந்தையின் குடலில் முளைத்து நஞ்சு உண்டாக்கி உடலைச் செயலிழக்கச் செய்யும். காய்ச்சினாலும் அந்த வித்துகள் சாவதில்லை. முழு நிலக்கடலை, பொட்டுக்கடலை, முழுத் திராட்சை, பச்சைக் கேரட் துண்டு எல்லாம் மூச்சுக்குழாயை அடைப்பவை. கடலையை அரைத்துக் கூழில் கலந்து கொடுக்கலாம்.

பிறகு ஒன்று. ஒரு தட்டில் கொஞ்சம் எடுத்துக் குழந்தையின் முன்னால் வைத்துவிடுங்கள். பத்து மாதத்தில் கட்டைவிரலும் ஆள்காட்டி விரலும் சேர்ந்து ஒரு பருக்கையைக் கிள்ளி எடுக்கும். பாதி வாய்க்குள், பாதி தலையில். கீழே ஒரு பழைய போர்வையை விரித்துக்கொண்டால் துடைப்பது எளிது. போன் காட்டி ஊட்டினால் அதிகமாக இறங்கும் என்பது உண்மைதான். ஆனால் தனக்குப் பசிக்கிறதா, வயிறு நிறைந்ததா என்பதையே குழந்தை கவனிக்காமல் போய்விடும். இரண்டு வயது வரை வெளியூர்ச் சொந்தங்களோடு வீடியோ காலில் பேசுவதைத் தவிர வேறு திரை வேண்டாம் என்றுதான் குழந்தை மருத்துவர்கள் சொல்கிறார்கள். மொட்டை மாடியும் நிலாவும் காக்கையும் இன்னும் இருக்கின்றன.

படி 4: பால்

தாய்ப்பால் இரண்டு வயது வரையும் அதற்குப் பிறகும் கொடுக்கலாம். ஒரு வயதுக்குள் பசும்பாலைக் குடிக்கும் பாலாகக் கொடுக்காதீர்கள். தயிராகவோ, கூழில் கொஞ்சமாகவோ சேர்ந்தால் தவறில்லை. ஆண்டு நிறைவுக்குப் பிறகும் நாளைக்கு அரை லிட்டரைத் தாண்ட வேண்டாம். புட்டியிலிருந்து சிறிய டம்ளருக்கு மாற இதுவே நல்ல நேரம். முதலில் இரண்டு மடக்குத் தண்ணீரில் தொடங்குங்கள். இரவில் புட்டியை வாயில் வைத்தபடி தூங்கவிட்டால் முளைக்கும்போதே பல் சொத்தையாகும். முதல் பல் வந்ததுமே மெல்லிய பிரஷில் அரிசி அளவு ஃபுளோரைடு பற்பசை போட்டுத் துலக்க வேண்டும்.

படி 5: நடை, சைகை, சொல்

எப்போது நடப்பான் என்ற கேள்வி பத்தாம் மாதத்திலேயே தொடங்கிவிடும். 8 மாதம் முதல் 18 மாதம் வரை எப்போது நடந்தாலும் இயல்புதான். சில குழந்தைகள் தவழாமலேயே எழுந்து நிற்கும். செருப்பு, ஷூ எதுவும் வேண்டாம். வெறுங்காலில் தரையைப் பிடித்து நடக்கட்டும்.

உள்ளே உட்கார வைத்துச் சுற்றிவிடும் சக்கர வாக்கரை வாங்காதீர்கள், பரிசாக வந்தாலும் பரணில் போடுங்கள். அது நடையைச் சீக்கிரம் கொண்டுவருவதில்லை. படிக்கட்டு, அடுப்பு என்று போகக் கூடாத இடத்துக்கு வேகமாகக் கொண்டுபோகும். கனடாவில் 2004-லேயே அதன் விற்பனையைத் தடை செய்துவிட்டார்கள். நம்முடைய மூன்று சக்கர மர நடைவண்டி வேறு. அதைக் குழந்தை தன் காலில் நின்று, தன் பலத்தில் தள்ளுகிறது. எழுந்து நிற்கப் பழகிய பிறகு, சமதரையில், நீங்கள் பக்கத்தில் இருக்கும்போது கொடுங்கள்.

நடையைவிட நான் உற்றுக் கவனிக்கச் சொல்வது சைகையை. ஆண்டு நிறைவை நெருங்கும் குழந்தை பெயர் சொன்னால் திரும்பும். சாமி கும்பிடு என்றால் கை குவிக்கும், டாட்டா காட்டும், வேண்டியதை நோக்கிக் கை நீட்டும், முகத்தை மூடித் திறந்தால் சிரிக்கும், மம்மம் என்றோ அத்தை என்றோ ஒன்றிரண்டு சொல் வர ஆரம்பிக்கும். சொல் தாமதமானால் காத்திருக்கலாம். சைகையும் மழலைச் சத்தமும் பெயருக்குத் திரும்புவதும் இல்லாவிட்டால் காத்திருக்கக் கூடாது. 'அவங்க அப்பாவும் லேட்டாத்தான் பேசினார்' என்ற ஆறுதலை அன்று ஏற்றுக்கொள்ளாதீர்கள், காது கேட்கும் பரிசோதனை செய்யுங்கள். சொந்தத்தில் திருமணம் செய்தவர்களின் குழந்தைகளுக்குப் பிறவிச் செவித்திறன் குறைபாடு அதிகம் என்பதால் அவர்கள் இன்னும் விழிப்பாக இருக்க வேண்டும். மாவட்ட அளவில் அரசு மருத்துவமனைகளில் இதற்கென்றே தொடக்கநிலை இடையீட்டு மையங்கள் இருக்கின்றன.

படி 6: தூக்கமும் பிரிவும்

ஒரு நாளில் 12 முதல் 16 மணி நேரத் தூக்கம், அதில் பகல் தூக்கம் இரண்டு முறை. குழந்தை எழுந்து நிற்கத் தொடங்கிய அன்றே தூளியை அவிழ்த்துவிடுங்கள். துணி கழுத்தில் சுற்றிக்கொள்ளும், எட்டிப் பார்த்துத் தலைகீழாக விழும். பாயில் மெத்தை விரித்துத் தரையில் படுக்க வைப்பதே பாதுகாப்பு.

இதுவரை ராத்திரி நன்றாகத் தூங்கிய பிள்ளை பத்தாம் மாதத்தில் விழித்து விழித்து அழும், அம்மா அடுப்படிக்குப் போனாலும் கத்தும். செல்லம் கொடுத்துக் கெடுத்துவிட்டதாக உங்களைச் சொல்வார்கள். உண்மையில் கண்ணுக்குத் தெரியாத அம்மா எங்கோ இருக்கிறாள் என்று இப்போதுதான் அதற்குப் புரிந்திருக்கிறது, அதனால்தான் தேடுகிறது. பின்வாசல் வழியாக நழுவிப் போகாதீர்கள். முகம் பார்த்து, 'அம்மா போயிட்டு வரேன்' என்று ஒரே மாதிரி தினமும் சொல்லிவிட்டுக் கிளம்புங்கள். ஒரு வாரம் அழும், பிறகு அந்தச் சொல்லில் உள்ள 'வரேன்' அதற்குப் பழகிவிடும்.

தமிழ்நாடு அரசுப் பணியில் இருப்பவர்களுக்கு 2021 முதல் மகப்பேறு விடுப்பு 12 மாதம் என்பதால் பலருக்கு வேலைக்குத் திரும்புவதும் இந்தச் சமயத்தில்தான் வரும். கடைசி நாள் வரை காத்திராமல் ஒரு மாதம் முன்பே, குழந்தையைப் பார்த்துக்கொள்ளப் போகிறவரிடம் முதலில் அரை மணி, பிறகு இரண்டு மணி என்று விட்டுப் பழக்குங்கள்.

படி 7: காய்ச்சலும் வயிற்றுப்போக்கும்

பாரசிட்டமாலில் சொட்டு மருந்து வேறு, சிரப் வேறு. சொட்டு மருந்தில் 1 மி.லி.யிலேயே 100 மி.கி. இருக்கும், சிரப்பில் 5 மி.லி.க்கு 120 அல்லது 250 மி.கி. இந்த இரண்டையும் மாற்றிக் கொடுத்தால் பல மடங்கு போய்விடும். மருத்துவர் எழுதிய அளவை பாட்டிலின் மேலேயே ஒட்டி வையுங்கள். இருமல் சிரப்பை நீங்களாகக் கடையில் வாங்காதீர்கள்.

வயிற்றுப்போக்கைப் பல் முளைப்பதன் தலையில் போடாதீர்கள். பல்லால் ஈறு வலிக்கும், ஜொள்ளு வடியும்; கடும் காய்ச்சலும் பேதியும் வந்தால் காரணம் வேறு. ஒரு லிட்டர் பாக்கெட் ஓ.ஆர்.எஸ். தூளை முழுவதுமாக ஒரு லிட்டர் காய்ச்சி ஆறிய நீரில் கரைத்துக் கொஞ்சம் கொஞ்சமாகப் புகட்டுங்கள். துத்தநாக மாத்திரை 20 மி.கி. 14 நாளைக்கு, பேதி நின்ற பிறகும். பாலையும் சோற்றையும் நிறுத்தாதீர்கள். ஆறு மணி நேரம் சிறுநீர் போகவில்லை, கண் குழிந்திருக்கிறது, துவண்டு கிடக்கிறது, மலத்தில் ரத்தம் வருகிறது, மூச்சு இரைக்கிறது என்றால் ராத்திரி எத்தனை மணியானாலும் கிளம்பிவிடுங்கள்.

படி 8: மொட்டை, காதுகுத்து, பிறந்தநாள்

குலதெய்வம் கோவில் என்றால் புது பிளேடு நீங்களே வாங்கிக்கொண்டு போங்கள். உங்கள் கண் முன்னால் பிரிக்கட்டும். காது குத்துவதற்கு முன் 6, 10, 14 வார ஊசிகள் மூன்றும் முடிந்திருக்க வேண்டும். குத்திய இடத்தில் மஞ்சளோ சுண்ணாம்போ வேண்டாம்.

விசேஷத்தைக் குழந்தையின் தூக்க நேரத்தை வைத்து முடிவு செய்யுங்கள். ஜாதகப்படி பார்த்தாலும் நல்ல நேரம் ஒரு நாளில் ஒன்றுக்கு மேல் கிடைக்கும். மேளத்துக்கும் ஸ்பீக்கருக்கும் பக்கத்தில் உட்கார வைக்காதீர்கள். சாப்பாடு வீட்டிலிருந்தே டப்பாவில் வரட்டும். கேக்கை எல்லோரும் ஆளுக்கு ஒரு விரல் ஊட்ட வருவார்கள், அதை முன்கூட்டியே ஒருவர் சொல்லித் தடுக்க வேண்டும். அந்தப் பொறுப்பை அப்பாவிடம் கொடுங்கள், அம்மா சொன்னால் கர்வம் என்பார்கள். சட்டையில் குத்தும் ஜரிகையும், கழுத்தில் கனக்கும் சங்கிலியும் போட்டோ எடுத்த உடனே கழற்றப்பட வேண்டும்.

இளையவனுக்கு முந்தின வாரம் பார்த்த ஹீமோகுளோபின் 11.6. விசேஷத்தன்று பதினொரு மணிக்குக் கண்ணைக் கசக்கினான். மணமகள் அறையில் பாய் விரித்துப் படுக்க வைத்தோம், என் மாமியார் கதவோரம் நாற்காலி போட்டு யாரையும் உள்ளே விடாமல் உட்கார்ந்திருந்தார். பந்தி முடியும்வரை இரண்டு மணி நேரம் தூங்கினான். ஆல்பத்தில் பாதிப் படங்களில் அவன் இல்லை.